ஹோபர்ட்டின் தங்கை

நாக்ஸ்வில், டென்னஸி
1947 பிப்ரவரி 9

என் பிரியமான ஓமா அக்காவுக்கு,

நீயும் எஸ்டில் அத்தானும் சுகம்தானே? அத்தானுக்குச் சுரங்கத்தில் வாரம் முழுக்க வேலை இருக்கிறதா? இங்கே பனி விட்டபாடில்லை.

எங்களுக்கு வானொலியில் இடம் கிடைத்துவிட்டது, அக்கா! ஒரு மாவுக் கம்பெனியின் விளம்பரத் தயவில் தினமும் காலை ஐந்தேமுக்காலுக்குக் கால் மணி நேரம். ஹோபர்ட் மாண்டலின், நான் கிட்டார், கூட ஒரு பேஞ்ஜோ, ஒரு வயலின். ஆனால் ஒரு காரியம் நடந்துவிட்டது. நிலைய மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கல்யாணமான பொம்பளை எனக்கு வேண்டாம்ப்பா. இன்னைக்கு வாசிக்கும், நாளைக்கு வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கும்" என்றார். ஹோபர்ட் யோசிக்கவே இல்லை. "ஐயோ, இது என் தங்கச்சிங்க" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் இருவருக்கும் ஸ்டாம்பர் என்று ஒரே குடும்பப் பெயர். யாருக்குச் சந்தேகம் வரும்? மைக் முன்னால் கட்டின புருஷனை நான் "அண்ணா" என்று கூப்பிட வேண்டும்.

வயிற்றில் ஆறு மாதம். கிட்டாரை உயர்த்திப் பிடித்து மறைத்துக்கொள்கிறேன். உள்ளேயிருந்து பிள்ளை கிட்டாரின் பலகையை உதைக்கிறது. "நேரா நில்லு, கிட்டாருக்குப் பின்னாடி யாருக்கு என்ன தெரியப்போவுது?" என்கிறார் இவர். ஏப்ரலில், தொண்டைக்கு வைத்தியம் என்று சொல்லிவிட்டு உன்னிடம் வந்துவிடுவேன். பிறந்த பிறகு ஆறு மாதம் மட்டும் நீ பார்த்துக்கொள். அதற்குள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்கிறார்.

உன் தங்கை,
வெர்லி


மூன்றாம் எண் சுரங்கக் குடியிருப்பு, கென்டக்கி
1947 நவம்பர் 2

அன்புள்ள வெர்லிக்கு,

நெல்டாவுக்கு இரண்டு பல் வந்துவிட்டது. என் விரலைத்தான் முதலில் கடித்தாள். நீ ஆகஸ்டில் போனதிலிருந்து எழுதியது ஒரே ஒரு கடிதம். அதிலும் பாதி உன் புதுக் கிட்டாரைப் பற்றி!

மேலே முகவரியைப் பார்த்திருப்பாய். நாங்கள் இங்கே குடிவந்து மூன்று வாரமாகிறது. குழந்தை என்னுடையது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நான் மறுக்கவில்லை, உன் ரகசியத்துக்காகத்தான். பக்கத்து வீட்டுக்காரி, "எட்டு வருஷம் கழிச்சுப் பொறந்ததா? அதான் கீழேயே விடமாட்டேங்கிறே" என்கிறாள்.

காலையில் ரேடியோவில் உன் கிட்டார் கேட்டால் போதும், அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பெட்டியையே பார்க்கிறாள். நீ சொன்ன ஆறு மாதம் இந்த மாதத்தோடு முடிகிறது. அவசரம் ஒன்றுமில்லை.

அக்கா,
ஓமா


நாக்ஸ்வில்
1950 ஜூன் 18

அன்பு அக்காவுக்கு,

நெல்டாவுக்கு அனுப்பிய சட்டை சரியாக இருந்ததா? அளவு தெரியாமல் கண்மதிப்பில் வாங்கினேன்.

நாங்கள் நாலு இசைத்தட்டு போட்டுவிட்டோம். தட்டில் ஹோபர்ட் பெயர் மட்டும்தான். பாட்டில் ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் தடித்த கம்பிகளில் நான் சடசடவென்று இறங்கி ஏறுவேனே, அதை இப்போது வர்ஜீனியா நிலையத்தில் யாரோ ஒருவன் அப்படியே வாசிக்கிறான். கார் ரேடியோவில் வந்தது, ஓரமாக நிறுத்தச் சொல்லி முழுக்கக் கேட்டேன். "நம்ம சரக்கு ஊரெல்லாம் ஓடுது பாத்தியா!" என்று ஹோபர்ட் சிரித்தார். நம்ம சரக்காம்!

போன சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சி. முடிந்ததும் ஒரு புகையிலை விவசாயி, பாவம், நல்ல மனிதர், முழுப் பன்றித்தொடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து ஹோபர்ட்டிடம் என்னைப் பெண் கேட்டார். "தங்கச்சிக்கு இன்னும் வயசு இருக்குங்க, பாப்போம்" என்றார் இவர். பேஞ்ஜோக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். அந்தக் கறியை நாங்கள் ஒரு வாரம் தின்றோம், அக்கா.

எப்போது சொல்லப்போகிறோம் என்று கேட்டால், "மாவுக் கம்பெனி கைவிட்டா நாலு பேரு பொழைப்புல மண்ணு" என்கிறார். போன வருஷமும் இதையேதான் சொன்னார். விட்டுவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று காலையில் எழும்போதெல்லாம் நினைக்கிறேன். ஐந்தேமுக்காலுக்குக் கம்பியில் கை வைத்தால் மறந்துபோகிறது. எனக்கும் இது பிடித்திருக்கிறது என்பதுதான் கொடுமை.

வெர்லி


மூன்றாம் எண் சுரங்கக் குடியிருப்பு
1953 ஆகஸ்ட் 10

அன்புள்ள வெர்லிக்கு,

அத்தானுக்கு இருமல் தேவலை. மழையில் தோட்டத்துப் பீன்ஸ் பாதி அழுகிவிட்டது.

நெல்டாவைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். தாள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதில் அம்மா பெயர் எழுதும் இடத்தை நான்கு நாளாகக் காலியாகவே வைத்திருக்கிறேன். இதுவரை வாயால் சொல்லி வந்தது வேறு, இது மையால் எழுதுவது.

இந்த ஆறு வருஷத்தில் நீ மூன்று முறை வந்தாய். மூன்று முறையும் அவள் "சித்தி"தான் என்றாள். நீயும் "என்னடா கண்ணு" என்றாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. யார் பெயரை எழுத? மாதக் கடைசிக்குள் சொல்.

ஓமா


நாக்ஸ்வில்
1953 ஆகஸ்ட் 24

அக்கா,

என் பெயரை எழுது.

நீ கேட்டிருப்பாய், ஆனாலும் சொல்கிறேன். இன்று காலை ஹோபர்ட் மைக்கில் ஒரு நேயர் கடிதத்தைப் படித்து, "என் தங்கச்சிக்கு இன்னொரு மாப்பிள்ளைங்க!" என்று கேலி செய்தான். அவனை இடித்துக்கொண்டு நான் முன்னால் போனேன். "நான் இவரு தங்கச்சி இல்லீங்க. பொண்டாட்டி. எங்களுக்கு ஆறு வயசுல பொண்ணு இருக்கா. பேரு நெல்டா" என்றேன். பயந்துபோன பேஞ்ஜோக்காரர் தலைதெறிக்க ஒரு பாட்டை ஆரம்பித்துவிட்டார். அக்கா, பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சுத்தமாக வாசித்ததே இல்லை.

மேலாளர் எங்களை வாசலோடு அனுப்பிவிட்டார். ஹோபர்ட் தெருவில் நின்று கத்தினான்: "எல்லாத்தையும் கெடுத்திட்டியேடி! நீ போ. உன் வாசிப்பை இன்னைக்கு எவன் வேணா வாசிப்பான்." அது நிஜம்தான். மேற்கு வர்ஜீனியாவில் வேறு ஆள் வைத்துக்கொள்ளப் போகிறானாம்.

செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அவளிடம் நீ எதுவும் சொல்லாதே. நானே சொல்கிறேன்.

வெர்லி


மூன்றாம் எண் சுரங்கக் குடியிருப்பு
1953 ஆகஸ்ட் 29

வெர்லி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே தாளைக் கொடுத்துவிட்டேன்.

இல்லை, இது பொய். உன் கடிதம் வந்தது, படித்தேன், அதன் பிறகுதான் என் பெயரை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தான் என்னோடு பேசி இரண்டு நாளாகிறது.

அன்று காலை ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நெல்டா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, என் பேரைச் சொல்றாங்க!" என்று துள்ளினாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சித்திக்கும் நெல்டான்னு ஒரு பொண்ணு இருக்காளா?" என்றாள். ஆமாம் என்றேன். "அவளை ஏன் சித்தி கூட்டிட்டே வரல? அவ எங்கே இருக்கா?" என்று இப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

காய்ச்சலில் ஒருமுறை பதினோரு நாள் கண்ணைத் திறக்கவில்லை அவள். அப்போது நீ ஒஹாயோவில் வாசித்துக்கொண்டிருந்தாய். நான் உனக்கு எழுதக்கூட இல்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது.

வா. சித்தியாக வந்தால் இது உன் வீடு. வேறு விதமாக வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. என்னை மன்னிக்காதே, ஆனால் பதில் போடு.

ஓமா


நாக்ஸ்வில்
1953 செப்டம்பர் 3

நெல்டாக் கண்ணுக்கு,

இதை உன் அம்மாவைப் படித்துக்காட்டச் சொல். கடைசி வரைக்கும் படிக்கச் சொல், நடுவில் நிறுத்தக் கூடாது.

என் பெண் எங்கே என்று கேட்டாயாம். அவள் நன்றாக இருக்கிறாள். ஒருமுறை அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது ஒரு நல்லவள் பதினோரு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளைப் பிழைக்க வைத்தாள். அவள் இப்போது அந்த நல்லவள் வீட்டில்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகப்போகிறாள். அவளை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் அழுவாள். அதனால்தான் கூட்டி வரவில்லை.

பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை நான் மட்டும் வருகிறேன். உங்கள் சுரங்கக் கடையில் எனக்கு ஏதாவது வேலை இருக்குமா என்று உன் அப்பாவைக் கேட்டு வைக்கச் சொல். பஸ் நாலு மணிக்கு வரும். என்னை அடையாளம் தெரியாமல் போனால், கிட்டாரோடு இறங்குவது நான் ஒருத்திதான்.

அன்பு முத்தங்களுடன்,
உன் சித்தி
வெர்லி