முன்பின்னாக நின்ற படம்

ஜூன் 5, வியாழன்

காலையிலேயே புழுக்கம். ஒயரிங் வேலைக்குப் போகவில்லை. கேமரா லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கண்ணாடிப் பெட்டி நேற்றுத்தான் பார்சலில் வந்தது. உள்ளே நாலு கண்ணாடி. ஒரே கிளிக்கில் இடக்கண்ணுக்கு ஒரு பாதி, வலக்கண்ணுக்கு ஒரு பாதி. பிரிண்ட் போட்டு, இரண்டு கண்ணாலும் பார்க்கிற வியூவரில் வைத்தால் ஆள் நிஜம்போல எதிரே நிற்க வேண்டும்.

எங்கே நிற்பது! நடுவில் அகலமாக ஒரு கறுப்புப் பட்டை. மகள் ஜெசிந்தாவின் ஒரு காது அதில் போச்சு.

ஞாயிறு பத்து மணிக்கு வண்டி. மகள் கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள். ஒரே பிள்ளை. நான் இன்னும் சரியென்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். படமாவது உருப்படியாக வரட்டும்.

ஜூன் 6, வெள்ளி

நல்ல வெயில். லென்ஸின் துளையை, அப்பர்ச்சரை, 11க்குச் சுருக்கினேன். பட்டை மெலிந்து கோடானது. பிரிண்ட் இரண்டு போட்டுப் பார்த்ததில் தெரிந்தவை:
- பெட்டி லென்ஸில் கோணலாக மாட்டியிருக்கிறது. ஒரு கண்ணுக்கு ஆள் மேலே, ஒரு கண்ணுக்குக் கீழே
- கண்ணாடியில் தூசி. பிரஷ் மட்டும், துணி கூடாது
- ஏழடிக்குக் கிட்டே வந்தால் ஆள் இரண்டாகிறாள், தலை வலிக்கிறது
- அரிசி வாங்க (மறந்தாயிற்று)

ஜெசிந்தாவை வாசலில் பதினோரு தடவை நிறுத்தினேன்.

"இன்னாப்பா, படம் சரியா வந்துச்சின்னா என்ன உட்டுடுவியா?"

பிரஷ்ஷைத் தேடுவதுபோல் உள்ளே போய்விட்டேன். எரிச்சல். அவள் மேலா என் மேலா, தெரியவில்லை.

மனைவி வேறு: "அந்தப் பொட்டிய ஓரமா வச்சிட்டு பொண்ணாண்ட நாலு வார்த்த பேசேன்யா."

ஜூன் 7, சனி

மேகம், காற்று. மூன்று பேரும் ஒரே படத்தில் வேண்டுமாம் மனைவிக்கு. பாதிப் படம் ஒடுக்கம். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒருத்தர் வெட்டுப்படுவார். ரேஷன் கியூ மாதிரி முன்பின்னாக நிறுத்தினேன். முன்னால் மனைவி ஸ்டூலில், பிறகு ஜெசிந்தா, கடைசியில் கொஞ்சம் ஒதுங்கி நான். டைமர் பத்து செகண்ட். அமுக்கிவிட்டு ஓடினேன்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வாப்பா."

"ஆடாத நில்லுடி." இது மனைவி.

கேமராத் திரையில் அருமை. பிரிண்ட் போடப் போனால் வில்லியனூர் ஸ்டுடியோவில் கரண்ட் இல்லை. "காலைல வந்து வாங்கிக்கண்ணா." ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஸ்டுடியோ திறக்கும் முன்பே போய் நின்று வாங்கி வந்தேன். கோடு இல்லை. தலைவலி இல்லை. வியூவரில் மூன்று பேரும் முன்பின்னாக, நிஜம்போல எதிரே தெரிகிறோம்.

நேற்று கேமராத் திரையில் ஜெசிந்தாவின் கை என் சட்டையைப் பிடித்திருந்த மாதிரி இருந்தது. வியூவரில்தான் தெரிகிறது, அவள் பிடித்திருக்கவில்லை. கையைப் பின்னால் நீட்டியிருக்கிறாள். அந்தக் கைக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் சும்மா கிடக்கிறது. நானோ கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மடையன்.

மணி ஒன்பதே கால். உள்ளே துணி அடுக்குகிறாள். போய் அந்தக் கையைப் பிடிக்க வேண்டும். போய் வா என்று என் வாயால் சொல்ல வேண்டும். அழுகை வரும். வரட்டும்.