தாழைமுனைக்காக நான் போட்ட கோடு

அக்கா,

இன்று காலை கோலப்பொடி டப்பாவைத் திறந்தால், மழை ஈரம் ஏறிப் பொடி கட்டியாகிக் கிடந்தது. விரலால் உடைத்தேன். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதுமே நீங்கள் வந்துவிட்டீர்கள். பக்கத்து வாசலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, கோடு கோணுது பாரு" என்று வம்புக்கு இழுப்பீர்களே, அப்படியே. என் கோடு என்றைக்கும் கோணியதில்லை. பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப் முழுக்க அது தெரியும். அதனால்தான் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாமலே இருந்திருக்கலாம்.

நான் திருநெல்வேலிக்காரி. எங்களை ஆண்டவன் இங்கிலீஷ்காரன். உங்கள் தாழைமுனையை ஆண்டவன் வேறொரு வெள்ளைக்காரன். ஓர் ஆறு, கொஞ்சம் உப்பளம், ஒரு சுங்கச்சாவடி, இவ்வளவுதான் உங்கள் ஜில்லா. அதற்கும் ஒரு கவர்னர், அவருக்கு ஒரு பேண்டு வாத்தியம். "எங்க ஊர அந்தக் காலத்து ராசா ஒரு பீரங்கிக்கு வித்துட்டாரு. அந்தப் பீரங்கி ஒரு நாளும் வெடிக்கல" என்று குழாயடியில் சொல்லுவீர்கள். தண்ணீருக்கு நிற்கிற மராத்திக்காரிகளுக்கு நான் அதை இந்தியில் சொல்லுவேன். எல்லோரும் சிரிப்போம்.

ராசையா பேச்சு வந்தால் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவீர்கள். உங்கள் ஒரே மகன். சம்பளம் கிடைக்குமென்று அந்த வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவன். கடலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பிடித்து வைத்திருந்த இன்னொரு தேசத்துக்குக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். யுத்தம் முடிந்தும் ஆள் திரும்பவில்லை.

இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் தாழைமுனையிலும் ஜனங்களைக் கேட்டார்கள், துரைமார் இருக்கட்டுமா, போகட்டுமா என்று. படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் என்பதால் சீட்டு கிடையாது. கடற்கரையில் ஒரு கோடு. இருக்கட்டும் என்பவர்கள் வடக்கே நிற்க வேண்டும், போகட்டும் என்பவர்கள் தெற்கே. தலையை எண்ணிவிடுவார்கள். பம்பாயில் இருக்கிற தாழைமுனைக்காரர்கள் அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. ஆனால் உங்கள் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி விடுவாரா? "சேத்தா என்ன, சேக்காட்டா என்ன? நம்மளும் இங்கன கோடு போட்டு நிப்போம். ஊருக்குத் தந்தி அடிப்போம்" என்று கிளம்பிவிட்டார்.

அதற்கு முந்தின மத்தியானம் நாம் இருவரும் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நீங்கள் முறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்.

"எந்தப் பக்கம் நின்னா ராசையா வருவான், சொல்லு."

நான் ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தேன்.

"வெள்ளக்காரன் இருந்தாம்னா, நம்ம ஆளுன்னு என்னைக்காவது கப்பல்ல ஏத்தி உடுவான். போயிட்டாம்னா ஆரு ஏத்துவா? நம்ம கவர்மெண்டு மொதக் கப்பல்லயே கொண்டாந்துரும்னு அண்ணாச்சி சொல்லுதாவ. நம்மட்ட கப்பல் ஏதுட்டி? வள்ளந்தான இருக்கு." முறத்தை ஒரு தடவை புடைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரு முதுகுல உப்பளத்துல வச்சு சவுக்கால அடிச்சவனுவ. அவனுவ இருக்கட்டும்னு எப்பிடிட்டி நிப்பேன்?" என்றீர்கள்.

"தெரியலக்கா" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

மறுநாள் அண்ணாச்சி கூப்பிட, கேம்ப் மைதானத்தில் குனிந்து கோலப்பொடியால் ஒரே இழுப்பாகக் கோடு போட்டேன். நல்ல நேரான கோடு. வந்தவர்கள் எல்லோரும் திருவிழாவுக்குப் போகிற மாதிரி தெற்கே போய் நின்றார்கள். வடக்கே ஓர் ஈ காக்காய் இல்லை. நீங்கள் கடைசியாக வந்தீர்கள். கோட்டில் ஓரடி அகலத்துக்குக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடைவெளியில் நின்றுகொண்டீர்கள்.

"தாயி, அது எந்தப் பக்கமும் இல்லயே" என்றார் அண்ணாச்சி.

"தெரியும். நான் இங்கனதான் நிக்கேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு உங்களையும் தெற்கோடு சேர்த்து எண்ணிவிட்டார். பம்பாய்வாசிகள் அத்தனை பேரும் சுதந்திரத்தின் பக்கம் என்று தந்தி போயிற்று. எனக்கு அவர் மேல் கோபமான கோபம். நீங்கள் முந்தானையால் காலைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தீர்கள்.

தாழைமுனை ஜெயித்தது. துரைமார் பேண்டு வாத்தியத்தோடு கப்பலேறினார்கள். புதுக் கொடி வந்தது, தாழம்பூ படம் போட்ட தபால்தலை வந்தது. அண்ணாச்சி கேம்ப் முழுக்க ஜிலேபி கொடுத்தார். நீங்களும் ஒன்று வாங்கித் தின்றீர்கள்; நல்லா இருக்கு என்றுகூடச் சொன்னீர்கள்.

அப்புறம் நாம் அலைந்த அலைச்சல். டிராம் ஏறிக் கோட்டைப் பக்கம் அந்தத் துரைமாருடைய ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா நல்ல மனுஷன்தான், உட்காரச் சொன்னான். "வோ அப் ஹமாரா ஆத்மி நஹி, மாயி" என்றான். அவன் இனி எங்கள் ஆளில்லை அம்மா என்று நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் புது சர்க்காரோ, பட்டாளத்தில் சேர்த்தவர்களையே கேளுங்கள் என்று பதில் போட்டது. அண்ணாச்சி அதைப் படித்துவிட்டுக் கடைக்குள்ளே போய் அழுதார். அத்தோடு என் கோபமும் போயிற்று. யார் மேல்தான் கோபப்படுவது? ஊர் ஜெயித்தது பொய்யில்லை. அவன் வராததும் பொய்யில்லை.

அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். கடைசி இரண்டு நாள் "கப்பல் சத்தம் கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ரயில் சத்தம்தான் கேட்டது. கேட்கிறது என்று சொல்லிவிட்டேன். ராசையா இருக்கிறானா, இல்லையா, இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. இப்போதெல்லாம் தபால்காரர் சந்துக்குள் வந்தால் நான்தான் எழுந்து நிற்கிறேன். எனக்கு யார் எழுதப்போகிறார்கள்?

இன்று பொடியை உடைத்து வாசலுக்குக் கோடு இழுத்தேன். பாதியில் கை நின்றது. ஓரடி விட்டு, அந்தப் பக்கமிருந்து மறுபடி இழுத்தேன். உங்கள் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற பெண் பார்த்துவிட்டு, "என்னக்கா, நடுவுல விட்டுட்டிய?" என்றாள்.

"அங்கன ஆள் நிக்காவ" என்றேன்.