கஸ்தூரி அக்காவுக்கு, பவானியின் சான்றிதழ் விஷயமாக

என் உயிருக்கு உயிரான கஸ்தூரி அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷத்தில் உத்திரமேரூரில் என்னைக் கேட்காமல் ஒரு காரியமும் நடப்பதில்லை என்று எழுதினால் நீ சிரிப்பாய். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைத்தான் காதில் வாங்குவாய். இந்தக் கடிதத்தில் அங்கங்கே கொஞ்சம் ஏறியிருக்கும், அதைத் தள்ளிக்கொள். பவானியைப் பற்றி எழுதியிருப்பதில் மட்டும் ஒரு எழுத்தைக்கூடத் தள்ளாதே. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை ஊரறிய எழுதுகிறேன்.

உன் மகள் டாக்டர் ஆகிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, வேதியியல் டாக்டர். அன்றைக்குப் பேருந்து நிலையத்தில் நின்று நான் அறுபது கிலோ லட்டு கொடுத்தேன். சரி, ஆறு கிலோ. லட்டு வாங்கியவர்கள் எல்லோரும் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். நானும் ஆளுக்கொரு ஆஸ்பத்திரி சொன்னேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்தது நம் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில். பெயர் வேண்டாம். சேர்ந்த அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அக்கா. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டாக்டர் பட்டம் வரைக்கும். அவளுடையது மட்டுமில்லை, அங்கே இருக்கிற எல்லா ஆசிரியர்களுடையதும். பத்திரமாக இருக்கட்டும் என்று பேச்சு. யாருக்குப் பத்திரம்? ஆசிரியர்கள் நல்ல வேலை கிடைத்து நடுவில் போய்விடக் கூடாது, அதற்குத்தான். ஆட்டைக் கட்டிப்போடக் கயிறு வேண்டும். டாக்டரைக் கட்டிப்போட ஒரு ஃபைல் போதும்.

நல்ல வேலையும் வந்தது. அரசுக் கல்லூரிக்குப் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். சான்றிதழ் சரிபார்ப்பு சென்னையில், திங்கட்கிழமை காலை. அசல் இல்லாமல் வருகிறவருக்கு இடம் இல்லை, இன்னொரு நாளும் இல்லை. மூன்று முறை எழுதிக் கேட்டாள். செமஸ்டர் முடியட்டும் என்றார் மேனேஜர். அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். நீ இருந்திருந்தால் கல்லூரி வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டே வாங்கியிருப்பாய். மச்சானுக்கு அந்தச் சத்தம் வராது. எனக்கு வரும், ஆனால் நான் வேறு வழியில் போனேன்.

என்னிடம் இப்போது ஒரு லோடு வண்டி இருக்கிறது, குட்டி யானை என்கிறார்களே, அது. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அந்தக் கல்லூரிக்கு ஆய்வு. ஆசிரியர்களையும் ஊழியர்களையும் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் அதிகாரியும், கூட இரண்டு பேரும் வருகிறார்கள். ஆய்வு என்றால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. இல்லாத சாமானை இருக்கிற இடத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதே முதலாளியின் இன்னொரு கல்லூரியிலிருந்து மைக்ரோஸ்கோப், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த தராசு எல்லாம் என் வண்டியில்தான் வந்தன. இல்லாத ஆளையும் அப்படித்தான் கொண்டுவருவார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சாமான் இறக்கும்போது மேனேஜரிடம் பவானி விஷயத்தை எடுத்தேன்.

"அந்த மேடம் உன் அக்கா பொண்ணா? முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம லேப் அட்டெண்டர் மாணிக்கம் வேலைய வுட்டு நின்னுட்டான். அவன் பேர்ல இன்னிக்கு ஒரு நாள் நீ நின்னு குடு. சாயங்காலம் அந்தப் பொண்ணு ஃபைல நானே உன் கையில குடுக்கறேன்."

"குடுத்த வாக்கு மாற மாட்டியே சார்?"

"நான் மாறுவேனாய்யா?"

நம்பினேன், அக்கா. பவானியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் ஃபைலைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, மாமன்னா யாருன்னு பாத்தியா என்று கேட்க வேண்டும். அந்த ஒரு ஆசையில் வாயை மூடிக்கொண்டேன். மற்ற நாளில் மூடாத வாய்.

வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். அதைப் போட்டதும் எனக்கு ஒரு அரை விஞ்ஞானி களை வந்துவிட்டது. இரண்டு மாணவிகள் வணக்கம் வைத்தார்கள். அதிகாரி அம்மா லேபுக்கு வந்தபோது நான் மைக்ரோஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை வருஷமா இங்க வேலை பார்க்கறீங்க?"

ஒரு வருஷம் என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "பன்னெண்டு வருஷம் மேடம். இந்த மிஷினெல்லாம் என் புள்ளைங்க மாதிரி."

"ஸ்டாஃபுக்கு ஏதாவது குறை உண்டா?"

"குறையா? சொர்க்கம் மேடம் இது. வாத்தியாருங்க சாயங்காலமானா வூட்டுக்கே போவ மாட்டேன்னு அடம் புடிக்கறாங்க."

அவர் சிரித்துவிட்டார். மேனேஜர் எனக்கு மட்டும் தெரியும்படி தலையாட்டினார். அப்போதுதான் அந்த அம்மா சொன்னார்: "பன்னெண்டு வருஷம் சர்வீஸ். நல்லாவும் பேசறீங்க. ஊழியர்கள் சார்பா நீங்களும் ஹாலுக்கு வாங்க."

அக்கா, நான் மட்டும் கொஞ்சம் குறைத்துப் பேசியிருந்தால் லேபோடு போயிருக்கும்.

ஹாலில் ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் பவானி. கோட்டோடு நான் உள்ளே நுழைந்ததைப் பார்த்தாள். பார்த்தவள் முகத்தில் ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதிகாரி அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "உங்க ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் எங்க இருக்கு?"

முதலில் எழுந்தவர் கணக்கு வாத்தியார் பரந்தாமன். "வீட்டுல மேடம்." அடுத்தவரும் வீட்டில். அதற்கடுத்தவரும் வீட்டில். அப்படிச் சொல்லச் சொல்லி முந்தின நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்களாம். ஏழு பேர் சொல்லி முடித்தார்கள். பவானி, நீயும் வூட்டுலன்னு சொல்லிடும்மா, சாயங்காலம் மாமன் வாங்கித் தரேன் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அவள் எழுந்தாள். "இங்கதான் இருக்கு மேடம். ஆபீஸ் ரூம்ல பச்சை பீரோவுக்குள்ள. திங்கக்கிழமை எனக்கு வேணும். மூணு தடவை எழுதிக் கேட்டுட்டேன்."

மேனேஜர் எழுந்தார். "மேடம், போன மாசம் இந்தப் பொண்ணுக்கு மெமோ குடுத்தோம். அந்தக் கோவத்துல பேசுது. இங்க யாரோட சர்ட்டிஃபிகேட்டும் கிடையாது."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. பன்னெண்டு வருஷமா இருக்கீங்க. வாங்கி வைக்கற பழக்கம் இங்க உண்டா?"

என் நிலைமையைப் பார். இல்லை என்றால் உன் மகள் பொய்க்காரி. உண்டு என்றால் சாயங்காலப் பேச்சு போச்சு. மேனேஜர் என்னையே பார்த்தார். பவானி பார்க்கவில்லை, தரையைப் பார்த்து நின்றாள். அறுபது ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிய வாய் இது என்று சொல்லித் திரிகிறவன் நான். அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து, இருப்பதை மட்டும் சொன்னேன்.

"மேடம், நான் மாணிக்கம் இல்ல. என் பேரு துலுக்காணம். அந்தப் பொண்ணுக்குத் தாய்மாமன். குட்டி யானை ஓட்டறேன். காலையிலதான் இந்தக் கோட்ட மாட்டி வுட்டாங்க."

கோட்டைக் கழற்றப் பார்த்தேன். மேல் பட்டன் மாட்டிக்கொண்டது. கோட்டோடேயே நின்றேன்.

"மாமா, நீ இங்க இன்னா பண்ணிக்கினு கீற?" என்றாள் பவானி. இங்கிலீஷில் பாடம் நடத்துகிற பெண்ணுக்கு, அத்தனை பேர் முன்னால் நம் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

அதிகாரி அம்மாவுக்குக் கோபம். "பத்து நிமிஷம் முன்னாடி சொர்க்கம்னு சொன்னீங்க. இப்ப சொல்றது மட்டும் உண்மைன்னு நான் எப்படி நம்பறது?"

இந்தக் கேள்வியை நீ எத்தனை தடவை என்னிடம் கேட்டிருக்கிறாய்? உனக்குச் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். அங்கே தப்பிக்க இடமில்லை. யோசித்தேன். "என்னை நம்ப வேணாம் மேடம். லேப்ல கீற மைக்ரோஸ்கோப்பத் திருப்பிப் பாருங்க. அடியில வேற காலேஜ் பேரு ஒட்டிக்கினு கீது. காலையில நான்தான் ஏத்தியாந்தேன்."

கூட வந்தவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையசைத்தார்.

"பீரோவைத் திறங்க," என்றார் அந்த அம்மா.

"சாவி முதலாளிகிட்ட இருக்கு மேடம். அவர் சென்னையில இருக்காரு."

"வரட்டும். நான் காத்திருக்கேன்." நாற்காலியை இழுத்துப் பச்சை பீரோவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் வராந்தாவில் நின்றோம். மணி பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. மேனேஜர் போனில் பேசிக்கொண்டே இருந்தார். மற்ற ஆசிரியர்கள் பவானியை விட்டு நாலடி தள்ளி நின்றார்கள். அந்த நாலடி என்னைக் குத்தியது. அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் பக்கத்தில் போனேன். "கிட்ட வராத மாமா," என்றாள், மெதுவாக.

இரண்டு மணிக்குப் பரந்தாமன் வாத்தியார் உள்ளே போனார். வயதில் என்னைவிட மூத்தவர். "மேடம், காலையில வீட்டுலன்னு சொன்னேன். என்னுதும் உள்ளதான் கீது. என் பொண்ணு கல்யாணத்துக்கு லோன் கேக்கறப்பகூட தரல."

அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு இரண்டு பேர். மூன்று மணிக்குள் ஏழு பேரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏழாவது கையெழுத்து விழுந்த பத்தாவது நிமிஷம், சென்னையில் இருந்த சாவி மேனேஜர் மேஜை டிராயரிலேயே கிடைத்துவிட்டது. ராக்கெட்டில் வந்திருக்கும்.

பெயர் வாசித்து ஒவ்வொரு ஃபைலாகக் கொடுத்தார்கள். பவானி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். தாயார் என்று உன் பெயர் அச்சடித்த பக்கம் வந்தபோது கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தாள்.

திங்கட்கிழமை நானும் சென்னைக்குப் போனேன். செங்கல்பட்டு தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "அந்த ஆளுகிட்ட எனக்காகப் பேசப் போனியே, என்னை ஒரு வார்த்த கேட்டியா? அவங்களும் கேக்கல. நீயும் கேக்கல." அக்கா, நீயாக இருந்தால் எனக்காக ஏதாவது சொல்லியிருப்பாயா? இல்லை, அவள் பக்கம்தான் இருந்திருப்பாயா?

சரிபார்ப்பு நல்லபடி முடிந்தது. வேலை உத்தரவு இன்னும் வரவில்லை. அதற்குள் அந்தக் கல்லூரி புதுக் கதை கட்டிவிட்டது. நானாகவே கோட்டு மாட்டிக்கொண்டு திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்தேனாம், பவானிதான் ஏவிவிட்டாளாம், சான்றிதழ்களை ஆசிரியர்களே விரும்பிக் கொடுத்து வைத்திருந்தார்களாம். அடுத்த வாரம் அரசாங்க விசாரணை. என் பேச்சு அங்கே பொய் என்று ஆனால், எழுதிக் கொடுத்த ஏழு பேரின் பேச்சும் கூடவே போகும். உன் மகள் மேல் புகார் நிற்கும். புகார் இருக்கிறவளுக்கு அரசு வேலை எப்படி வரும்?

மேனேஜரின் ஆட்கள் வீட்டுக்கே வந்தார்கள். "குடிச்சிட்டு வந்து சும்மா தமாஷுக்குக் கோட்ட மாட்டிக்கினேன்னு எழுதிக் குடு, அப்பால ஒரு பேஜாரும் இல்ல," என்றார்கள். என்னைப் பார்த்தால் அது எல்லோரும் நம்பக்கூடிய கதைதான், அதுதான் எனக்குப் பயம். முடியாது என்று அனுப்பிவிட்டேன். பத்து பேர் வந்தார்கள். இல்லை, இரண்டு பேர்.

நேற்று பவானி என்னை எதிரில் உட்கார வைத்து அதிகாரி மாதிரிக் கேள்வி கேட்டாள்.

"பேரு?"

"துலுக்காணம்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது. ஃபெயிலு."

"அன்னிக்கு லேப்ல என்ன பண்ணீங்க?"

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"ஃபைல் தரேன்னு மேனேஜர் சொன்னாரு. நம்பினேன். ஆனா மேடம், என் அக்கா பொண்ணு இருக்காளே, அவளுக்கு இந்தியாவுலயே..."

"மாமா!" என்று அதட்டினாள். "நம்பினேன்னு சொன்ன பாரு, அதோட நிறுத்து." அதட்டின பிறகு எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் எனக்குக் கொடுத்த முதல் டீ.

அக்கா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த விசாரணை அறையில் கேட்டதற்குப் பதில் சொல்வேன், கேட்காததைப் பேச மாட்டேன். என்னைப் பற்றி எவ்வளவு கேவலமாக எழுதிக்கொண்டாலும் எழுதிக்கொள்ளட்டும். நம்பினேன் என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிடுவேன்.

உன் கூடப் பிறந்த ஒரே தம்பி,
பவானிக்குத் தாய்மாமன்,
துலுக்காணம்