அப்பாவுக்குத் தலை சுற்றிய நாள்

செவ்வாய், பௌர்ணமி. இரவு.

காலையில் மலை சுற்றி முடித்து, செங்கம் ரோட்டில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நான்தான் பிடித்தேன். "தரையே சுத்துதும்மா" என்றார். பக்கவாதமோ என்று பயந்துபோய், பக்கத்து கிளினிக்குக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா நிறையக் கேட்டார். பேச்சு குழறியதா, கை மரத்ததா, காது அடைத்ததா, சர்க்கரை உண்டா. பிறகு, "காலைல சாப்டீங்களா?"

"ஆச்சுங்க" என்றார் அப்பா.

புது ஆட்களிடம் எனக்குப் பேச வராது. இன்று பேசிவிட்டேன். "இல்லைங்க மேடம். பௌர்ணமி விரதம். நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. ஒரு மடக்கு தண்ணில பிரஷர் மாத்திரைய மட்டும் போட்டுக்கிட்டாரு."

"மாத்திரை சாப்பாட்டுல சேராதேங்க" என்றார் அப்பா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எழுந்து நின்றால் பிரஷர் ரொம்ப இறங்குகிறதாம். "பட்டினியும் மாத்திரையும் சேர்ந்துதான் இப்படி ஆயிருக்கும். மறுபடி வந்தா ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்." மறுபடி வந்தால் என்று அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இட்லி சாப்பிட்டதும் தெளிந்தார். ஸ்கூட்டியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சின்ன வயதில் பள்ளிக்கு அவர் சைக்கிளில் கூட்டிப்போகும்போது நான் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். லாரி வந்தால் முதுகில் முகம் புதைப்பேன். வியர்வையும் பீடியும் மணக்கும். "கண்ண மூடிக்கோ, நான் பாத்துக்கறேன்" என்பார்.

இன்று ஒரு லாரி ஒட்டிப் போனபோது அப்பாவின் பிடி இறுகியது. அன்று அவர் சொன்னதையே நானும் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. வேகத்தை மட்டும் குறைத்தேன்.