பச்சை வயர் எது என்று கேட்டீர்கள்

அப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் டிராக்டரின் முன்மூடியைத் திறந்தேன். எலி நாற்றமும் பழைய டீசல் நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நீங்கள் போனபின் எட்டு மாதமாக யாரும் திறக்காத மூடி. பேட்டரிக்குப் பக்கத்தில் அம்மாவின் பழைய பாவாடைத் துணி, நீங்கள் கையைத் துடைத்துச் செருகிய இடத்திலேயே இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அம்மா போன் செய்தார். நம் இரண்டு ஏக்கர் செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டிக் கிடக்கிறது, திங்கட்கிழமை லோரி வருகிறது, பழத்தைச் சாலைவரை இழுத்துக்கொண்டு வர பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் ஒப்புக்கொண்டார், வண்டிதான் ஒப்புக்கொள்ளவில்லை என்றார். தஞ்சோங் மாலிமிலிருந்து ரயிலேறி ஈப்போவுக்கு வந்தேன். பையில் மீட்டரும் கட்டரும் ஒரு துண்டு சிவப்பு வயரும் இருந்தன. ரயில் முழுக்க எனக்கு ஒரே பயம். வண்டி சரியாகாதோ என்பதற்காக அல்ல. அந்த வண்டியைத் தொட்டால் அந்த போன் பேச்சு மறுபடியும் காதில் கேட்கும் என்பதற்காக.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பல்கலைக்கழகத்தின் கடைசி ஆண்டு விடுமுறையில் நான் வீட்டுக்கு வந்தபோது, வண்டியின் வயர்களைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாம் கறுப்பு. முன்விளக்குக்கும் கறுப்பு, ஸ்டார்ட்டருக்கும் கறுப்பு, டீசலைத் திறந்து விடும் வால்வுக்கும் கறுப்பு. ஒவ்வொரு வயரிலும் சாக்குத் தைக்கிற நூலால் அங்கங்கே முடிச்சுகள். மலிவாகக் கிடைத்த ஒரே சுருளை வாங்கி, கண்டபடி கட்டி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். வண்டிக்கான வரைபடத்தைத் தேடி எடுத்தேன். எந்த வேலைக்கு எந்த நிறம் என்று அதில் இருந்தபடியே ஆறு நிறத்தில் வயர் வாங்கினேன். மூன்று நாள் ஷெட்டிலேயே கிடந்து எல்லாவற்றையும் மாற்றினேன். உங்கள் கறுப்பு வயர்களை வெட்டிச் சுருட்டிக் குப்பையில் போட்டேன், முடிச்சுகளோடு.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள்.

"நல்லாருக்கு பாப்பா. கடையிலேருந்து எறங்குன வண்டி மாதிரி இருக்கு" என்றீர்கள்.

"இனிமே எதுனா ரோசாக் ஆயி வண்டி ஓடலன்னா, கலரப் பாத்தே கண்டுபிடிச்சிடலாம்பா."

"ஆமாமா. சுளுவாதான் இருக்கும்."

அந்த முகத்தை நான் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். பெருமையும் இருந்திருக்கும் என்றுதான் இப்போதும் நம்புகிறேன்.

அடுத்த ஆண்டு எனக்குக் கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. உங்களுக்குத் தெரியும், நான் அங்கே வாயே திறப்பதில்லை. கூட்டத்தில் என் முறை வந்தால் எழுதி வைத்திருப்பதை வாசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். நான் சொன்ன யோசனையை இன்னொருவர் தன்னுடையதாகச் சொன்னாலும் பேசாமல் இருப்பேன். அப்படிப்பட்ட ஒரு வாரத்தின் கடைசியில்தான் உங்கள் போன் வந்தது.

"பாப்பா, வண்டி சுத்துதும்மா, ஆனா புடிக்க மாட்டேங்குது. லோரி வந்து நிக்கிது."

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை என்றால் டீசல் வால்வுக்குக் கரண்டு போகவில்லை என்று நான் ஊகித்தேன். மீட்டரை எடுத்துப் பச்சை வயரில் வைக்கச் சொன்னேன். நீங்கள் வயர்களைப் புரட்டுவது கேட்டது.

"பச்ச வயரு எதும்மா?"

"பச்சப்பா! எல மாதிரி இருக்கும்ல, பச்ச!"

"இங்க ரெண்டு இருக்கு. ஒரே மாதிரி…"

"ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்ச. இதுல என்னப்பா ஒரே மாதிரி? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். இதுக்குத்தான் கலர் கலரா மாத்திக் குடுத்தேன்!"

நீங்கள் போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்திருந்தீர்கள், இரண்டு கையும் வண்டியில் இருந்ததால். மணியம் அண்ணன் சிரித்தது எனக்குக் கேட்டது. "மவ நல்லா வாங்கு வாங்குன்னு வாங்குறாலா ஒன்னய" என்று அவர் சொன்னதும் கேட்டது.

"வெயிலு கண்ணு கூசுதும்மா. நான் பாத்துக்கறேன், நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டீர்கள்.

உலகத்தில் யாரிடமும் குரல் உயர்த்தத் தெரியாதவள், உயர்த்திய ஒரே இடம் நீங்கள். நீங்கள் திருப்பிப் பேச மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் பேசினோம். சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள், அங்கே மழையா என்று கேட்டீர்கள். வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்று அம்மா அழைத்தார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது உங்கள் முகத்தை மூடியிருந்தார்கள். என் மேல் கோபத்தோடு போனீர்களா என்று யாரிடம் கேட்பது? பதினாறாம் நாள் காரியத்தில் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அதைத்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மாவை இருக்கையில் ஏற்றி கிளட்சை மிதிக்கச் சொன்னேன். சாவியைத் திருப்பினால் விளக்குகள் எரிந்தன, ஸ்டார்ட்டரில் ஒரு 'டக்' கூட இல்லை. பேட்டரி நன்றாக இருந்தது. இந்த முறை முதலில் ஃபியூஸைப் பார்த்தேன். அதுவும் நன்றாக இருந்தது. கிளட்சை மிதித்தால்தான் கரண்டை விடும் சுவிட்சு ஒன்று பெடலுக்கு மேலே இருக்கிறதே, அதுவரை கரண்டு வந்தது, அதைத் தாண்டியும் போனது. ஸ்டார்ட்டருக்கு மட்டும் வந்து சேரவில்லை. நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சாவி மாட்டும் தகட்டுக்குப் பின்னால் கையை விட்டேன்.

அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டார்ச்சும் எட்டாது. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய ஆறு நிறமும் அந்த இடுக்கில் ஒரே இருட்டுதான். விரலில் ஏதோ தடுக்கியது. ஒரு முடிச்சு. பக்கத்திலேயே இன்னொன்று. இன்னொன்று. ஒரு சாண் தள்ளி, அதே வயரில், மறுபடியும் மூன்று.

கையை வெளியே எடுக்காமலே கேட்டேன். "அம்மா, இந்த வயருல என்ன முடிச்சு?"

"எந்த வயருல?"

"நான் போட்ட புது வயருல."

"அவருதான் கட்டுனாரு. நானும் கூட ஒக்காந்தேன்."

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னா? செவப்பும் பச்சையும் அவருக்கு ஒண்ணாத்தானலா தெரியும்."

"யாருக்கு?"

அம்மா கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னைக் குனிந்து பார்த்தார். "ஒங்கப்பாவுக்கு. நெசமாவே தெரியாதா ஒனக்கு? கல்யாணத்துக்கு செவப்புச் சீலைன்னு நெனச்சு, சாணிக் கலருல வாங்கியாந்த மனுசன்."

எனக்குத் தெரியாது அப்பா. இருபத்தாறு வருடம் உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் கவனிக்கிற பெண் என்று ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கவனிக்கவில்லை.

அன்று போனை வைத்த பிறகு நடந்ததை அம்மா சொன்னார். லோரி காத்திருக்க, நீங்கள் அத்தனை குலையையும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து, காட்டுக்கும் சாலைக்கும் மத்தியானம் முழுக்க நடந்தீர்கள். கேலி செய்த மணியம் அண்ணனே கடைசியில் இறங்கி வந்து கூடத் தள்ளினாராம். மறுநாள் நீங்கள் வயர்களுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள்.

"நான் கலரச் சொன்னேன், அவரு வேலையச் சொன்னாரு. மஞ்சன்னா, 'வெளக்கு'ன்னு ஒரு முடிச்சு. கத்திரிப்பூக் கலருன்னா, 'ஹாரன்'னு ரெண்டு. ஸ்டார்ட்டருக்கு மூணு. 'மூணு முடிச்சுப் போட்டாத்தான் குடும்பமும் ஓடும், வண்டியும் ஓடும்'னு சிரிப்பு வேற" என்றார் அம்மா. "கடைசியில பாத்தா ஃபியூஸு போயிருக்கு. வயரு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

ஃபியூஸ். முதலில் அதைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். முதலாமாண்டு மாணவனுக்குத் தெரிந்தது அது. நான் ஒரே தாவலில் பச்சை வயருக்குப் போனேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லாதேன்னுட்டாரு. 'அவ மூணு நாளு மண்ணுல படுத்துப் போட்ட வயரு. எனக்குப் பிரயோசனம் இல்லன்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிரும். அது பாட்டுக்கு இருக்கட்டும், மேல முடிச்சப் போட்டுக்கலாம்'னாரு."

தகட்டில் நெற்றியை வைத்துக்கொண்டேன். நான் கேட்காமலே அம்மா, இளவயதில் நீங்கள் கேட்டுப் போன தோட்டத்து வயர்மேன் வேலையைப் பற்றிச் சொன்னார். "கரண்டுன்னா எனக்குப் பயம், அதான் வேணாம்னு வந்துட்டேன்" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள். புள்ளிப் புள்ளியாய் இருந்த ஒரு புத்தகத்தைக் காட்டி உள்ளே என்ன நம்பர் என்று கேட்டார்களாமே. மற்றவர்கள் எல்லாரும் நம்பரைச் சொன்னார்கள். உங்களுக்கு வெறும் புள்ளிதான் தெரிந்தது. பல்கலைக்கழகப் பாரத்தில் எந்தப் படிப்பு என்று நான் தயங்கியபோது, மின்சாரம் இருந்த கட்டத்தில் விரலை வைத்தவர் நீங்கள். அந்த விரலுக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

ஒவ்வொன்றாக இப்போது ஞாபகம் வருகிறது. செம்பனை பழுத்ததா என்று மற்றவர்கள் குலையை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் மட்டும் மரத்தடியைப் பார்ப்பீர்கள். உதிர்ந்து கிடக்கும் பழங்களைக் காலால் ஒதுக்கி எண்ணிவிட்டு, "இத வெட்டலாம்" என்பீர்கள். நீங்கள் காய் வெட்டியதே இல்லை என்பது அந்தப் பக்கம் முழுக்கத் தெரிந்த பேச்சு. ஈப்போ சாலைச் சந்திப்பு விளக்குகளில், மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று உதடு அசையச் சொல்லிக்கொள்வீர்கள். ஏதோ சாமி பெயர் சொல்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். பாசாரில் தக்காளியை அமுக்கிப் பார்த்துக் கடைக்காரியிடம் திட்டு வாங்குவீர்கள். நீங்கள் மறைத்ததாகவே இல்லை அப்பா. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

மறுபடி கையை உள்ளே விட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று முடிச்சு, ஒரு சாண், மூன்று முடிச்சு, ஒரு சாண். ஃபியூஸ் பெட்டிக்கு அடியில் வளைகிற இடத்தில் முடிச்சு வரவில்லை. விரலில் செம்புக் கம்பி குத்தியது. எலி கடித்திருந்தது. கெட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டு, பையிலிருந்த சிவப்பு வயரை வைத்து முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினேன். வரைபடத்தின்படி அங்கே சிவப்பு வரக்கூடாது. வந்துவிட்டுப் போகட்டும்.

"அம்மா, அந்த நூலு இருக்கா?"

உங்கள் ஸ்பானர் டப்பாவிலேயே இருந்தது, ஒரு பழைய ரம்புத்தான் மிட்டாய் டின்னில். அம்மா முடிச்சை எப்படிப் போடுவது என்று காட்ட வந்தார். அவருக்கும் சரியாக வரவில்லை. நான் போட்ட மூன்றும் உங்களுடையதைப் போல இறுகவில்லை. ஆனால் கண்ணை மூடித் தடவினால் மூன்று என்று தெரிகிறது.

பேட்டரியை மாட்டினேன். அம்மா கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினார். இரண்டு இருமல் இருமிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. புகைக்குள்ளிருந்து அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், அழுதார், பிறகு "ஆயில் பாத்தியா?" என்றார். உங்களோடு இருந்து இருந்து அவரும் அப்படி ஆகிவிட்டார்.

தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிய பிறகு கண்ணாடிக் கடைக்குப் போனேன். என் மூக்குக்கண்ணாடிக்காகத்தான் போனேன். கிளம்பும்போது, எப்படியோ தைரியம் வந்து, அங்கிருந்த பெண்ணிடம் உங்கள் கண்ணைப் பற்றிக் கேட்டேன். இந்த வகையென்றால் அப்பாவிடமிருந்து மகளுக்குக் கட்டாயம் வந்திருக்கும், ஆனால் பெரும்பாலும் மகளின் கண்ணில் அது தெரியாது என்றார். மகளுக்கு மகன் பிறந்தால், பாதிக்குப் பாதி, அவன் கண்ணில் தெரியலாம் என்றார்.

அப்படியானால் அது என்னிடம் இருக்கிறது அப்பா. நான் குப்பையில் போட்ட கறுப்பு வயர்களை இனி எடுக்க முடியாது. போனில் கத்தியதையும் எடுக்க முடியாது. ஆனால் இது என்னிடமிருந்து போகாது. நூலில் பாதியை வெட்டிக் கொண்டுவந்து என் கருவிப் பையில் வைத்திருக்கிறேன். என்றாவது ஒரு பையன் வருவான், இரண்டு வயரைக் கையில் வைத்துக்கொண்டு, பச்சை எதும்மா என்று கேட்பான். நான் நிறத்தைச் சொல்ல மாட்டேன். அவன் விரலை எடுத்து முடிச்சின் மேல் வைப்பேன்.

உங்கள் பாப்பா