நோர்-லூ துப்பாக்கி எமது வீட்டில் விடப்பட்டமை

அனுப்புநர்:
திருமதி றோசலின் தங்கராசா,
இல்-பிசார், மொன்றியல்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
எமது பகுதிக் காவல் நிலையம், மொன்றியல்.

விடயம்: வங்குறோத்தான ஹெல்ட்வின் நிறுவனத்தின் வணிகப் பெயர்கள் விற்கப்பட்டதன் பின் எமது வீட்டுக்கு வந்து சேர்ந்த துப்பாக்கியைப் பொறுப்பேற்கக் கோரல்.

மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

எமது வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அது எம்முடையது அல்ல. அனுமதிப்பத்திரமும் எமக்கு இல்லை. பிறகு மறைத்தேன் என்று ஆகிவிடக் கூடாது என்பதால் இதையே முதலில் சொல்கிறேன். பிரெஞ்சில் எழுதினால் பயத்தில் ஒன்று இன்னொன்றாகிவிடும். ஆகவே தமிழில் எழுதுகிறேன்; என் மகள் தக்ஷினி மொழிபெயர்த்து, இரண்டையும் இன்றே நேரில் கையளிப்பாள்.

1. ஹெல்ட்வின் துப்பாக்கி உற்பத்தி நிறுவனத்தின் மொன்றியல் அலுவலகத்தில் நான் ஒன்பது வருடங்கள் எழுதுவினைஞராக இருந்தேன். துப்பாக்கி வாங்கியவர்கள் அனுப்பும் உத்தரவாத அட்டைகளைக் கணினியில் பதிவதே என் வேலை. துப்பாக்கியைத் தொட வேண்டி வராது என்று கேட்டு உறுதிசெய்த பிறகே அதில் சேர்ந்தேன்.

2. கொரோனாக் காலத்தில் அலுவலகம் பூட்டப்பட்டபோது, நோர்-லூ என்ற வேட்டைத் துப்பாக்கிகளின் அட்டைகளை என் வீட்டு முகவரிக்கு வரச் செய்யலாமா என்று மேலாளர் கேட்டார். ஓம் என்றேன். மேலதிகாரி கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. அலுவலகம் திறந்த பிறகும் முகவரியை மாற்றும்படி கேட்கக் கூச்சப்பட்டு இருந்துவிட்டேன். இது என் பிழை.

3. சென்ற வருடம் நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் வங்குறோத்தானது. அதன் மூன்று வணிகப் பெயர்களும் தனித்தனியாக மூன்று பேருக்கு விற்கப்பட்டன. நோர்-லூவை வாங்கியவர்கள் பெயரையும் சின்னத்தையும் மட்டுமே வாங்கினார்கள். அவர்களுக்குப் பட்டறையும் இல்லை, ஆட்களும் இல்லை. பழைய அட்டையிலிருந்த என் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் எடுத்துத் தமது இணையத்தளத்தில் பழுதுபார்க்கும் நிலையம் என்று போட்டுவிட்டார்கள். அந்த நிலையம் நாங்கள் குடியிருக்கும் வீடு. கோடையில் சுருள்வில்லுகளும் விசைகளும் பொதி பொதியாக வந்தன. எல்லாவற்றையும் தபாலில் திருப்பி அனுப்பினேன். விற்பனையை நடத்தியவரிடம் முறையிட்டால், வாங்கியவரைக் கேட்கச் சொல்கிறார். வாங்கியவரின் சட்டத்தரணியோ, பழைய நிறுவனத்தின் தகவல்களுக்குத் தாம் பொறுப்பல்ல என்று எழுதுகிறார். முகவரி இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

4. ஒக்டோபர் 18, சனிக்கிழமை காலை நான் சாமான் வாங்க லவாலுக்குப் போயிருந்தேன். அப்போது முதியவர் ஒருவர் நீளமான பையுடன் வந்திருக்கிறார். என் பழைய அலுவலகத்து ஆள் என்று நினைத்த என் கணவர் தங்கராசா அவரை உள்ளே கூப்பிட்டு, இருத்தி, பால் தேத்தண்ணீர் கொடுத்தார். அவர் நீட்டிய பையையும் இரண்டு கையாலும் வாங்கினார். நான் வந்து திறந்து பார்த்துவிட்டு ஏசியபோது, "வந்த மனிசன் உனக்கெண்டு தந்ததை வேணாமெண்டு சொல்லுறதா?" என்று கேட்டார். மட்டக்களப்பில் எங்கள் ஆட்கள் அப்படித்தான். பைக்குள் துப்பாக்கியும் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தன. உள்ளே ஒரு தோட்டா சிக்கியிருப்பதாகவும், மூன்று வாரத்தில் வந்து எடுப்பதாகவும் எழுதியிருந்தது. அதிலிருந்த தொலைபேசி இலக்கத்துக்கு ஏழு தடவை எடுத்தேன். பதில் இல்லை.

5. அது மகளின் கட்டிலில், என் கணவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தோட்டா உள்ளே இருப்பதால் அசைக்கப் பயம். மகள் வரவேற்பறையில் எங்களுடன் படுக்கிறாள். "படகுத்துறைப் பக்கம் ஆத்துல போட்டுட்டு வாறன், நீ பயப்படாத" என்றார் கணவர். நான் காலைப் பிடிக்காத குறையாக மறித்தேன்.

6. ஆறு நாட்களாக ஏன் அறிவிக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்கள் களவெடுக்கவில்லை, ஆனாலும் கள்ளனுக்குத் தேள் கொட்டினதுபோல வாய் திறக்க முடியாமல் இருந்தோம். 1990இல் மட்டக்களப்பில் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலில் யாரோ ஒரு துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் போனார்கள். தேடி வந்தவர்கள் அதை யார் போட்டது என்று கேட்கவில்லை. என் தம்பி றொபின்சனைக் கூட்டிப் போனார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. இந்த நாடு அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தொலைபேசியை எடுத்து, உங்கள் இலக்கத்தைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிடுகிறேன்.

7. நேற்று இன்னொருவர் தொலைபேசியில் கதைத்தார். தன்னிடம் இரண்டு துப்பாக்கிகள் இருப்பதாகவும், நாளை சனிக்கிழமை கொண்டு வருவதாகவும் சொன்னார். இது கடையல்ல என்று நான் சொல்லி முடிக்குமுன் வைத்துவிட்டார்.

ஆகவே, நாளை அவர் வருமுன் தங்கள் அலுவலர்களை அனுப்பி அந்தத் துப்பாக்கியை எடுத்துச் செல்லுமாறும், எடுத்ததற்கு எழுத்தில் ஒரு துண்டு தருமாறும், எமது முகவரியை இணையத்தளத்திலிருந்து நீக்க உத்தரவிட ஆவன செய்யுமாறும் மன்றாடிக் கேட்கிறேன்.

வருபவர்கள் கதவை உடைக்கத் தேவையில்லை. பூட்டினால் எதையோ ஒளிக்கிறோம் என்று எண்ணுவீர்களோ என்ற பயத்தில், ஆறு நாட்களாக இரவும் பகலும் நாங்கள் கதவைப் பூட்டவில்லை.

இடம்: இல்-பிசார், மொன்றியல்
திகதி: 24.10.2025

தங்கள் வரவை எதிர்பார்த்து வீட்டிலேயே இருக்கும்,
(ஒப்பம்)
றோசலின் தங்கராசா