கதவுக்குப் பின்னாலும் காட்டு

வடகரை,
மார்ச் 9

ரெஜீஷ் அண்ணாவுக்கு,

நீ ஷார்ஜாவில் இருந்துகொண்டே உன் மனைவியை அடிக்கிறாய். கை படவில்லை என்பதற்காக இதற்கு வேறு பெயர் வைக்க நான் தயாராக இல்லை.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் உன் அறை நண்பன் பவித்ரன் கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. உனக்கு மாங்காய் ஊறுகாய் போட்டுத் தந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பெண்களின் சுயஉதவிக் குழுவான அயல்கூட்டத்தில் வகுப்பு எடுத்தது நான்தான். வீட்டுக்குள் நடக்கும் வன்முறை, போன் வழியாக வரும் மிரட்டல் பற்றிப் பேச எனக்குப் பஞ்சாயத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அங்கன்வாடியில் பதினெட்டுப் பேர். "மூணு ரிங்குக்குள்ள எடுக்கலன்னா சண்டை வரும்னு பயப்படுறவங்க கை தூக்குங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பிரஜிதா அண்ணியும் சிரித்தாள். அப்போது அவள் போன் அடித்தது. வீடியோவில் நீ.

எழுந்து நின்று, நீ கேட்பதற்கு முன்பே போனைச் சுற்றிக் காட்டினாள். எங்களை, ஜன்னலை, கூரையை. பழகிய கை. பக்கத்து வீட்டு லீலாமணி சேச்சி விடுவாளா? "டேய் ரெஜீஷே, என்னையும் நல்லாப் பாத்துக்கோ, பவுடர் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள். ஒரே சிரிப்பு. நீ சிரிக்கவில்லை. "கதவுக்குப் பின்னாலயும் காட்டு" என்றாய். எல்லாருக்கும் கேட்டது. அண்ணி போய்க் காட்டினாள். அங்கே குழந்தைகளின் பாய்களைச் சுருட்டி நிறுத்தியிருந்தார்கள். "பாயை விரிச்சும் காட்டணுமாடா?" என்றாள் சேச்சி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதை உங்கள் போனில் யார் பார்க்கிறார்கள்? இதுதான் நான் அடுத்துக் கேட்டிருக்க வேண்டியது. எனக்கு வாய் வரவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று உனக்குக் காட்டும் செயலியை அண்ணியின் போனில் போட்டுக் கொடுத்தவளே நான். "அவ பத்திரமா இருக்கான்னு தெரிஞ்சா போதும்டி" என்றாய். எவ்வளவு பாசம் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் ஷிஜினா. படத்தைப் போட்டுடுவாரு" என்றாள். நீ கேட்டாய் என்று, புருஷன்தானே என்று, அவள் அனுப்பிய படங்கள். முதுகுவலியால் ஜவுளிக்கடை வேலையை விட்டாள் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். வேலையை விடாவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவேன் என்று நீ எழுதியதை அவள் காட்டினாள். நம் அம்மா இருக்கிற குழு அது. மாமாக்கள் இருக்கிற குழு.

உன் மிரட்டல்கள் ஒன்றையும் அவள் அழிக்கவில்லை. நகல் என்னிடம் இருக்கிறது. புகாரும் எழுதிவைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்வாள்.

படங்களை அழித்துவிட்டு, அழித்தேன் என்று அவளுக்கு எழுது.

ஷிஜினா

வடகரை,
ஏப்ரல் 2

அண்ணா,

கடிதத்தை உன் கையிலேயே கொடுத்ததாகவும், நின்ற இடத்திலேயே படித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டதாகவும் பவித்ரன் சொன்னான். சிப்ஸை அறையில் எல்லாருக்கும் கொடுத்தாயாம்.

போன வாரம் அந்தச் செயலியை அண்ணியே எடுத்துவிட்டாள். அன்று முப்பத்தொரு முறை அழைத்தாய். அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தபோது, "போனை அவகிட்ட குடுடி" என்பதைத் தவிர உன் வாயில் வேறு வார்த்தை இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து அவள் மறுபடி ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். கிளம்பும்போது இன்னும் போனைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். ஆனாலும் போகிறாள்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னோம். அவள் புகாரை வாங்கி முழுக்கப் படித்தாள். பிறகு அண்ணியிடம், "படம் வந்தா அவமானம் உனக்கில்ல, அவனைப் பெத்த எனக்கு. நீ கையெழுத்துப் போடு" என்றாள்.

இந்த முறை தபாலில் அனுப்புகிறேன். கூட அனுப்ப அம்மா எதுவும் தரவில்லை. நன்றாக இருக்கட்டும் என்று எப்போதும் எழுதச் சொல்வாள். அதையும் சொல்லவில்லை.

அண்ணி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தினமும் கடையிலிருந்து வந்ததும் தபால் வந்ததா என்று கேட்கிறாள்.

அழித்தாயா? எழுது.

இன்னும் உன் தங்கை,
ஷிஜினா